ருஷ்யக்காரிக்கு ஒருநாள் ஓய்வு

இல்பாக் நகரத்துக் கம்பளி ஆலையில் இருந்த பெரிய அமுக்கு இயந்திரம் 1908ஆம் ஆண்டிலிருந்து எழுபத்தெட்டு வருசம் ஒரு நிமிடமும் நின்றதில்லை. 1911இல் அதன் மின்சாரக் கம்பியை எலி கடித்து அறுத்துவிட்டது. இயந்திரம் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆகவே கம்பியைத் திரும்பப் பூட்டுவது வீண்செலவு என்று நிர்வாகம் முடிவு செய்தது. அன்றிலிருந்து ஆலைக்கு மின்சாரக் கட்டணம் விளக்குகளுக்கு மட்டுமே வந்தது. செலவு குறைந்தால் காரணம் கேட்கிற பழக்கம் சுவிஸ்காரருக்கு இல்லை.

அந்த இயந்திரம் பிறந்த ஊர் ருஷ்யாவில் உள்ள ஸ்தாரோபோல்யே என்ற சின்ன ஆலைநகரம். சப்பாத்துக்கும் தொப்பிக்கும் போடுகிற தடித்த கம்பளியை அமுக்கி எடுப்பதுதான் அங்கே தொழில். இல்பாக்கைச் சேர்ந்த அலோய்ஸ் என்பவர் அங்கே இயந்திரம் பார்க்கிற வேலையில் பலகாலம் இருந்தார். முதலாளி நொடித்துப்போய்ச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல், "இயந்திரத்தைக் கொண்டு போ" என்றார். அதைப் புகைவண்டியில் ஏற்ற ஊரே திரண்டு வந்ததைக் கண்டு அலோய்ஸ் நெகிழ்ந்துபோனார். ஆண்கள் தோள் கொடுத்தார்கள், பெண்கள் வழிச்சாப்பாடு கட்டிக் கொடுத்தார்கள், பாதிரியார் வண்டிக்கு ஆசீர்வாதம் செய்தார். வண்டி வளைவில் மறைந்ததும் ஊர் முழுவதும் படுத்து ஒரு கிழமை நித்திரை கொண்டது. எழும்பிய பிறகு வெள்ளரிக்காய் ஊறுகாய் போடத் தொடங்கினார்கள். அது சத்தமில்லாத தொழில், நன்றாகவே பிழைத்தார்கள். ஊர் ஏன் அப்படித் திரண்டது என்பது அலோய்சுக்கு முதல் நிலையத்தில்தான் விளங்கியது. வண்டியில் கட்டிப்போட்டிருந்த இயந்திரம் தொம், தொம் என்று தன்பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே வந்தது. எல்லையில் ஒரு சுங்க அதிகாரியின் தொப்பியும் இரண்டு தபால்பைகளும் அதற்குள் அகப்பட்டுத் தட்டையாக வெளியே வந்தன.

இல்பாக்கில் அதற்கு ருஷ்யக்காரி என்று பெயர் வைத்தார்கள். அவள் நிற்கமாட்டாள் என்று தெரிந்தபிறகு நகரம் தன்னை அவளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. காலை, மத்தியானம், இரவு என்று மூன்று முறை வேலை. எந்த நேரத்திலும் நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆலைக்குள் இருக்கும். மாதாகோவிலில் ஒரே பூசையை மூன்று தரம் வைத்தார்கள். கல்யாணப் படங்களில் வேலைக்குப் போனவர்களுக்கென்று இடைவெளி விட்டு நின்றார்கள். மணமகனே இடைவெளியாக இருக்கிற படமும் ஒன்று நகரசபை மண்டபத்தில் தொங்குகிறது. இல்பாக் ஆட்கள் முழுப்பேரும் ஒரே இடத்தில் கூடியதை எவரும் கண்டதில்லை.

அவளைப் பட்டினி போடவும் முடியாது. 1932இல் உலகமெங்கும் வியாபாரம் படுத்து, ஆலைக்குக் கம்பளிமயிர் வருவது நின்றபோது அந்த முயற்சியையும் செய்து பார்த்தார்கள். ருஷ்யக்காரி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கொடிகளில் காய்ந்த காலுறைகள் எழும்பி ஆலைப்பக்கம் பறந்தன. பின்னால் சால்வைகள், போர்வைகள், பாதிரியாரின் குளிரங்கி. கடைசியில் மேட்டுப்பண்ணை ஆடு ஒன்று தானாகவே நடந்து வந்து வாசலில் நின்றது. அதை நாலுபேர் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினார்கள். அந்தக் குளிர்காலத்தை இல்பாக் பருத்தித்துணியோடு கழித்தது. அதற்குப்பிறகு அவளுக்குத் தீனி போடத் தவறியதில்லை. ஞாயிறென்றும் நத்தார்ப் பண்டிகையென்றும் பாராமல் வேலைக்கு ஆள் வேண்டும்; ஊராருக்குக் கை போதவில்லை. முதலில் இத்தாலியர் வந்தார்கள், பிறகு ஸ்பானியர், யூகோஸ்லாவியர். எண்பதுகளின் நடுவில் பக்கத்து நகரமான எம்மன்புரூக்கேயிலிருந்து விடியற்காலைப் புகைவண்டியில் தமிழர் வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் தில்லைநாதன். சுன்னாகத்தில் தோட்டக் கிணறுகளின் நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்திக்கொண்டிருந்தவர். மனைவி சிவகலாவையும் மகள் யசோதராவையும் அங்கே விட்டுவிட்டு வந்திருந்தார். வேலை நிலைத்து நின்றால் குடும்பத்தைக் கூப்பிடுவது பற்றி யோசிக்கலாம் என்று வெளிநாட்டார் காரியாலயத்தில் சொல்லியிருந்தார்கள். யோசிக்கலாம் என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மனிதன் ருஷ்யக்காரிக்குப் பொதி பொதியாகக் கம்பளிமயிர் சுமந்தார். யார் லீவு கேட்டாலும் அவர்களுடைய வேலையையும் தானே செய்தார். போர் நடக்கிற ஊரிலிருந்து, ஷெல் விழாத இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். அதைத் தவிர அவர் தலைக்குள் வேறொன்றும் இருக்கவில்லை.

கடிதம் எழுத அவருக்குப் பொறுமை போதாது. கசெட்டில் குரலைப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அவர் குடியிருந்த அறை ஆலைக்குப் பின்தெருவில் இருந்தபடியால், கசெட் முழுக்க அவர் குரலுக்குப் பின்னால் தொம், தொம் என்று ருஷ்யக்காரியும் கதைத்தாள். சிவகலாவின் பதில் கசெட் மூன்று மாதம் கழித்து வந்தது. அதில் முதல் வசனமே இதுதான்: "இஞ்சாருங்கோ, அங்கயும் ஷெல் அடிக்கிறாங்களோ? பிள்ளை உங்கட கசெட்டைப் போட்டதும் மேசைக்குக் கீழ போயிட்டாள்." தில்லைநாதன் அதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கசெட்டை முதலிலிருந்து திரும்பப் போட்டார்.

1986 புரட்டாதியில் ஆயுத பூசை ஒரு சனிக்கிழமையில் வந்தது. மேற்பார்வையாளர் லூதி, கோடை மேய்ச்சல் முடிந்து தமையனின் மாடுகள் மலையிலிருந்து பூச்சூடி இறங்குகிறதைப் பார்க்கப் போயிருந்தார். அன்று மத்தியானம் ருஷ்யக்காரிக்குப் பக்கத்தில் வேலைக்கு நின்றது முழுக்கத் தமிழர். தில்லைநாதன் சுன்னாகத்தில் ஒரு வருசமும் தவறாமல் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவர். இந்தப் பெரிய இயந்திரத்தைச் சும்மா விட்டால் குற்றம் என்று நினைத்தார். சிவகலா அனுப்பிய சந்தனத்தைக் குழைத்தார். பூவுக்குச் செவ்வந்தி வாங்கினார். செத்தவர்களின் கல்லறைக்கு வைக்கிற பூ என்று சமையற்கூடத்துக் கார்மேலா தலையில் அடித்துக்கொண்டாள். முப்பது வருசத்துக்கு முன் இத்தாலியிலிருந்து வந்த மனுசி அவள். தில்லைநாதன் கொண்டைக்கடலை அவித்து ஒரு சட்டியில் வைத்தார். ருஷ்யக்காரியின் நெற்றி எது என்று தெரியாமல், ஏணி வைத்து ஏறி, ஸ்தாரோபோல்யே என்று ருஷ்ய எழுத்தில் பொறித்திருந்த இடத்தில் பொட்டு வைத்தார். கரண்டியில் கற்பூரம் கொளுத்திக் காட்டினார். பிறகு, தன் பழைய இயந்திரங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போனதை யோசிக்காமல் சொன்னார்.

"எப்ப பாத்தாலும் வேலைதானே அம்மா. இண்டைக்கு ஒருநாள் ஆறியிரு."

ருஷ்யக்காரி நின்றாள்.

"ஐயோ அண்ணை, நிண்டிட்டுது!" என்று கத்தினான் பக்கத்தில் நின்ற மரியதாஸ். பாசையூர்ப் பொடியன், கத்தோலிக்கன். வேடிக்கை பார்க்க நின்றவன். "என்ன செய்துபோட்டியள்?" தில்லைநாதன் கடலைச் சட்டியைத் தூக்கித் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. களவெடுத்தவன் சாமானை ஒளிக்கிற மாதிரித்தான் இருந்தது.

வெளியே இல்பாக் நகரம் வாசல்களுக்கு வந்தது. ஆற்றுக்கு ஒரு சத்தம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. நாற்பது வருசம் கூட வாழ்ந்த மனைவி திக்கித் திக்கிப் பேசுகிற கொன்னைக்காரி என்பதை ஒரு கிழவர் அன்றுதான் கண்டுபிடித்தார். தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் ஒரேயடியாக அழுதன. பொழுதுபடுவதற்குள் மூன்று வேலைமுறை ஆட்களும் ஆலை முற்றத்தில் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்து, "நீ இன்னும் உயிரோடா?" என்று கேட்டுக் கட்டிப்பிடித்தவர்களும் இருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அன்று பின்னேரம் இல்பாக் ஒரு திருவிழாவாகத்தான் இருந்தது.

மறுநாள் தில்லைநாதன் குளித்து முழுகி வந்து, விஜயதசமி முறைப்படி எலுமிச்சம்பழம் வெட்டி, "எழும்பம்மா" என்றார். அவள் அசையவில்லை. லூதி வந்து எண்ணெய் விட்டார். பொறியியலாளர்கள் சூரிச்சிலிருந்து வந்து, மின்சாரக் கம்பி எங்கே என்று கேட்டார்கள். எலி சாப்பிட்டுவிட்டது என்று சொன்னதும் பைகளை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு டைரக்டர் வந்தார். நெடிய மனிதன், குரலை உயர்த்தமாட்டார். திங்கள் பின்னேரத்துக்குள் இயந்திரம் ஓடாவிட்டால் ஆலையை மூடுவதாகவும், அதை நிறுத்தியவர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தில்லைநாதன் கம்பளிப் பொதியொன்றின்மேல் அப்படியே குந்திவிட்டார். வேலை போனால் யோசிக்கலாம் என்ற சொல்லும் போய்விடும். சிவகலாவுக்கு இனி எந்த வாயால் கசெட் பேசுவது? எழுபத்தெட்டு வருசம் ஒருவருக்கும் அடங்காதவள் தன் வாய்ச்சொல்லுக்குத்தானா அடங்கவேண்டும் என்று அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

மரியதாஸ்தான் அதைக் கேட்டான். "அண்ணை, கடலை குடுத்தனீங்களோ?"

"என்ன கடலை?"

"பூசைக் கடலை. சின்னனில பக்கத்து வீட்டுப் பூசைக்கு நான் போனதே கடலைக்குத்தானே. அது வாயில விழாமல் ஒருத்தரும் முற்றத்தை விட்டு அசையிறேல்லை."

தில்லைநாதன் தலையில் கைவைத்தார். பூசை முடியவேயில்லை. நின்றவர்கள் எல்லாருக்கும் கொடுத்துத் தின்றால்தான் பூசை முடியும். பூசை முடியாமல் அவள் எப்படி எழும்புவாள்? அலுமாரியைத் திறந்து சட்டியை எடுத்தார். அன்று அவளுக்குப் பக்கத்தில் நின்ற தமிழர் நாலுபேரும் ஆளுக்கொரு பிடி தின்றார்கள். ருஷ்யக்காரியின் மேல்தட்டு ஒரு சாண் இறங்கி நின்றது. லூதிக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள். இன்னொரு விரற்கடை இறங்கியது. அதற்குப்பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. முற்றத்தில் நின்றது முழு நகரம். முழு நகரமும் தின்ன வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சுவிசில் ஒரு கடையும் திறக்காது. கார்மேலா தன் சமையற்கூடத்து உள்ளறையைத் திறந்து, சூப்புக்கென்று வைத்திருந்த கடலை மூட்டைகளை இழுத்துப் போட்டாள். செவ்வந்தியால் வந்த வினை என்று திட்டிக்கொண்டே தண்ணீரில் ஊறப்போட்டாள். எம்மன்புரூக்கேக்குச் சொல்லியனுப்ப, தமிழர் வீடுகளிலிருந்து கடுகும் செத்தல்மிளகாயும் பெரிய பானைகளும் திங்கள் முதல் வண்டியில் வந்தன. தேங்காய்க்கு வழியில்லை. ரொட்டி சுடுகிற பாண்கடைக்காரர் கேக்குக்குத் தூவுகிற காய்ந்த தேங்காய்ப்பூவைக் கொண்டுவந்து கொடுத்து, இது சரிவருமா என்று கேட்டார். சரிவந்தது. மத்தியானம் ஆலை முற்றத்தில் நீண்ட வரிசை. எல்லாரும் கையை நீட்டி வாங்கித் தின்றார்கள். மிளகாய் கடிபட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். அதை வேண்டுதல் என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர்களும் விட்டார்கள். ஒவ்வொரு பிடிக்கும் மேல்தட்டு மயிரிழை மயிரிழையாக இறங்கியது. கடைசியில் கம்பளிக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு கடலை அளவு இடைவெளி மிஞ்சியது. எல்லாரும் திரும்பி டைரக்டரைப் பார்த்தார்கள்.

வேலைநேரத்தில் தான் சாப்பிடுவதில்லை என்றார் டைரக்டர்.

"இப்ப வேலை நடக்கேல்லையே" என்று மரியதாஸ் ஜெர்மனில் சொன்னான். தப்பும் தவறுமான ஜெர்மன்தான், ஆனால் முற்றம் முழுக்க விளங்கியது. டைரக்டர் முள்ளுக்கரண்டி கேட்டார். இல்லை என்றார்கள். தில்லைநாதன் அவருடைய வெள்ளை உள்ளங்கையை எடுத்து விரித்து, ஒரு பிடி வைத்தார். மனிதன் மென்றார். விழுங்கினார். இன்னும் இருக்கிறதா என்று கேட்கும்போது அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ருஷ்யக்காரி தொம் என்று தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் ஆயுத பூசையன்று இல்பாக் நின்றது. நாள் ஏன் ஒவ்வொரு வருசமும் மாறுகிறது என்று நகரசபை முதலில் முணுமுணுத்தது. பிறகு தில்லைநாதனைக் கேட்டு நாட்காட்டியில் அச்சிட்டார்கள். அந்தக் கிழமையில் கடலை விலை ஏறும், அடுத்த கிழமை இறங்கும். ஒரே நாளில் முழுப்பேரும் நிற்கிற கல்யாணப் படம் வேண்டும் என்பதால் இல்பாக்கில் கல்யாணங்கள் எல்லாம் புரட்டாதியில் நடக்கத் தொடங்கின. தில்லைநாதன் இல்லாமல் இந்த நகரம் ஓடாது, நிற்கவும் நிற்காது என்று டைரக்டர் தன் கைப்பட வெளிநாட்டார் காரியாலயத்துக்கு எழுதினார். அவர்கள் யோசித்தார்கள். மூன்று வருசம் யோசித்தார்கள்.

சிவகலாவும் யசோதராவும் 1989 ஆயுத பூசையன்று வந்து இறங்கினார்கள். தில்லைநாதன் கற்பூரம் காட்டிய கையோடு நிலையத்துக்கு ஓடினார். மகளுக்கு ஒன்பது வயது. அப்பாவைப் படத்தில் பார்த்த மாதிரி இல்லையே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பின்தெருவில் புது வீட்டுக் கதவைத் திறந்தபோது எங்கும் ஆற்றுச் சத்தம்தான். "எங்க உங்கட ருஷ்யக்காரி?" என்று சிரித்தாள் சிவகலா. "கசெட்டில மட்டும்தான் இருக்கிறாளோ?" அன்று மூன்றுபேரும் தரையில் பாய் விரித்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். தில்லைநாதன் தான் தின்ன மறந்து மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை விஜயதசமிக் கடலை முடிந்து, ருஷ்யக்காரி எழும்பினாள். முதல் தொம்முக்கு யசோதரா மேசைக்குக் கீழே இருந்தாள். தாயையும் இழுத்து, ஒரு கையால் தன் காதைப் பொத்தி, மறுகையை, ஆலையிலிருந்து வாசலுக்கு ஓடிவந்த தில்லைநாதனை நோக்கி நீட்டினாள். "அப்பா, படுங்கோ! நிலத்தில படுங்கோ!"

அவர் படுத்தார். வேறென்ன செய்வார்? தரையில் குப்புறக் கிடந்தபடி, இது இயந்திரம், இது ஷெல் இல்லை பிள்ளை, என்று சொல்லிப் பார்த்தார். பிள்ளை நம்பவில்லை. நாட்கள் போயும் வெளியே வரவில்லை. சாப்பாடு மேசைக்குக் கீழே போனது, தலையணை போனது, பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்க வந்த ஆசிரியையும் மேசைக்குக் கீழே உட்கார்ந்து கதைத்துவிட்டுப் போனார். "பிள்ளை இஞ்ச இருக்கமாட்டாள்" என்றாள் சிவகலா. கோபமில்லை, களைப்புத்தான். "வேற எங்கயும் போவம்." வேறெங்கும் போனால் வேலையுமில்லை, அனுமதியுமில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். ஷெல் விழாத இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து, பிள்ளைக்கு ஷெல்லுக்குப் பக்கத்தில் வீடு எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று தில்லைநாதன் தன்னைத்தானே வைதுகொண்டார்.

அன்று வேலைக்குப் போனவர் பொதியைத் தூக்கவில்லை. ருஷ்யக்காரிக்கு முன்னால் போய் நின்றார். சந்தனமில்லை, பூவில்லை, கற்பூரமில்லை. நிற்கச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவள் நின்றால் எத்தனை வீட்டு அடுப்பு அணையும் என்று தெரிந்தவர். பிறகு ஒரு வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"அம்மா, என்ர பிள்ளை பயப்பிடுறாள்."

அதைக் கேட்டு லூதி தொப்பியைக் கழற்றினார் என்று சொல்கிறார்கள். ஜெர்மன் அல்லாத வார்த்தை அவருக்கு எப்படி விளங்கியது என்று யாரும் கேட்கவில்லை. மேல்தட்டு இறங்கி வந்து, வழக்கமாக மோதுகிற இடத்துக்கு மேலே ஒரு கணம் தயங்கி, பிறகு மெதுவாகப் படிந்தது. மறுபடி எழும்பியது. மறுபடி படிந்தது. தாய் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிற அளவுக்குத்தான் சத்தம். அப்படி அமுக்கிய கம்பளி முன்னையதைவிட மிருதுவாக வந்தது. பியானோவுக்குள் போடக் கம்பளி வாங்குகிறவர்கள் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்தார்கள். பழைய சத்தம் இல்லாமல் நித்திரை வரவில்லை என்று கிழவர்கள் சிலர் நகரசபையில் முறைப்பாடு செய்தார்கள். சபை அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்து பனி வழிக்கிற வண்டியின் திருத்தவேலையைப் பற்றிப் பேசியது. ருஷ்யக்காரி இன்றைக்கும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்று பின்னேரம் தில்லைநாதன் வீட்டுக்கு வந்தபோது சிவகலா அடுப்படியில் கையை அந்தரத்தில் வைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே யசோதராவும் தலையைச் சரித்துக் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். ஷெல்லைப் பற்றி அந்த வீட்டில் அவளுக்கு மேல் தெரிந்தவர் யாருமில்லை.

"அம்மா, இது அது இல்லை" என்றாள். பிறகு மேசைக்குக் கீழேயிருந்து தவழ்ந்து வெளியே வந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, கதிரையில் ஏறி இருந்தாள்.

"பசிக்குது."

சிவகலா பாணை வெட்டினாள்.